அத்தையின் இடக்கை முறுக்கு

ஆட்டையாம்பட்டி என்றாலே சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு முறுக்குதான் ஞாபகம் வரும். அந்த ஊரில்தான் என் அத்தை வாழ்க்கைப்பட்டாள். அப்பாவின் ஒரே தங்கச்சி. திண்ணையில் வெள்ளைத் துணியை விரித்து, ஆறேழு பெண்களோடு காலையில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் நூற்றுக்கணக்கில் கை முறுக்கு சுற்றி முடித்துவிடுவாள். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், சீரகம், உப்பு. சாமான் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாவைத் திரிக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அத்தை சுற்றினால் வெளிச்சுற்றும் உள்சுற்றும் ஒரே தடிமனில் இருக்கும்.

அவளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது 2010 தை மாசம். அப்போது வயது 46. கட்டி தட்டுப்பட்டதோ அதற்கு முந்தின ஆடியிலேயே. ஆறு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. "வலிச்சிருந்தா அன்னைக்கே போயிருப்பேன் கண்ணு. அதுபாட்டுக்குச் சும்மா கெடந்துச்சு. நானும் சும்மா இருந்துட்டேன்" என்பாள் பின்னாளில். வலிக்காததால் விட்டுவிட்டேன் என்று சொல்லாத பெண்களை நான் பார்த்தது குறைவு. ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. நம் வீடுகளில் வலித்தால்தான் அது வியாதி.

சேலத்தில் பரிசோதனை செய்து முடிவு வந்த அன்றைக்கு அழுதது அத்தை இல்லை, மாமாதான். அடுத்த நாளே ஊரில் "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு அப்போது 20 வயது, வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். "அம்மாவுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு பேசுவாங்க" என்பது அவர் பயம். எங்கள் வீட்டிலும் யாரும் அந்தப் பேரை உச்சரிக்கவில்லை. "அந்த வியாதி" என்றோம். சில சமயம் வெறுமனே "அது".

ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி விடிகாலை சென்னையில் இறங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவோம். அறுவை சிகிச்சை, அப்புறம் 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ, மொத்தம் ஆறு. அது முடிந்து ஐந்து வாரம் கதிர்வீச்சு. துணைக்குப் பெரும்பாலும் நான்தான் போனேன். முடி கொட்டியபோது அத்தை அழவில்லை. சோற்றில் ருசி தெரியாமல் போனபோது அழுதாள். "உப்பு பாக்க முடியாதவ என்னத்த முறுக்கு சுடறது?"

காத்திருக்கிற நேரத்தில்தான் அந்த மருத்துவமனை உருவான கதையை அவளுக்குச் சொன்னேன். முத்துலட்சுமி ரெட்டி பேரை நாம் எல்லாரும் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், சென்னை மாகாண சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண். அவருடைய தங்கைக்குக் குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். சரியான வியாதி தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. 1920-களின் தொடக்கத்தில் அந்தத் தங்கை இறந்துபோனார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் துக்கத்தை அவர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்ட காலம் அது. பணம் திரட்டி, அலைந்து, 1952-ல் நேருவை அழைத்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு அடையாறில் மருத்துவமனை திறந்தது. தங்கை இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த மருத்துவமனையே வாழ்க்கை என்று இருந்தார்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தம்மா தங்கச்சி சீக்கை ஊருக்கே சொன்னாங்களா?"

"ஆமா அத்தை."

"நாம மட்டும் எதுக்கு ஒளிக்கிறோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ரயில் நேரம் ஆகிவிட்டது என்று பேச்சை மாற்றினேன்.

2012-ல் மகளைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்து, ஜாதகமும் பொருந்தி, தாம்பூலம் மாற்றலாமா என்று பேசும்போது அத்தை வாயைத் திறந்தாள். "எனக்கு மார்ல கேன்சர் வந்து ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்க. இப்ப மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். சொல்லாம கட்டிக்குடுத்தா நாளைக்குப் புள்ள கஷ்டப்படும்." மாமா முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர்கள் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். ஆனால் அதற்கப்புறம் போன் வரவில்லை. மாமா ஒரு வாரம் அத்தையோடு பேசவில்லை. மகள் பேசினாள். "நீ சொன்னது சரிம்மா, ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாளாம். அந்த வாக்கியத்தை அத்தை கடைசிவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எட்டு மாசம் கழித்துத் திருச்செங்கோட்டிலிருந்து வந்த வரன்தான் அமைந்தது. அந்த மாப்பிள்ளையின் பாட்டிக்கும் அதே வியாதி இருந்திருக்கிறது.

ஒளிவு மறைவு போனதும் திண்ணைப் பேச்சும் மாறிவிட்டது. கூட முறுக்கு சுற்றுகிற பெண்களிடம், குளிக்கும்போது விரலைத் தட்டையாக வைத்து எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். அதற்கு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். அதில் ஒருவருக்குச் சின்னக் கட்டி இருந்தது, சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவர் இன்றைக்கும் முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறார். வர மாட்டேன் என்று அடம்பிடித்த இன்னொருவரைப் பற்றி அத்தை கடைசிவரை பேசுவாள். அவர் அத்தைக்கு முன்னாலேயே போய்விட்டார்.

இதற்கு நடுவில் வலது கை வீங்க ஆரம்பித்தது. ஆபரேஷனில் அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிடுவதால், சிலருக்குக் கையில் நீர் தேங்கிவிடும். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சூடு படக் கூடாது. அத்தைக்கோ எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற பிழைப்பு. சட்டியை மாமாவிடம் விட்டாள். விரல்கள் தடித்து மடங்காமல் போனதும் சுற்றவும் முடியவில்லை.

"விட்ருங்க அத்தை, போதும் சம்பாதிச்சது" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாளிலிருந்து இடது கையால் சுற்றிப் பழகினாள். முதல் மாசம் சுற்றியதெல்லாம் கோணல்மாணல். எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள், நாங்களும் தின்று தீர்த்தோம். நாலு மாசத்தில் கை படிந்துவிட்டது. என்ன, மற்றவர்கள் முறுக்கு ஒரு பக்கமாகச் சுழன்றால் அத்தையுடையது எதிர்ப்பக்கமாகச் சுழலும். கடைக்காரர் டப்பாவில் அதைத் தனியாகக் கண்டுபிடித்துவிடுவார்.

2017-ல் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. இந்தத் தடவை குணமாகாது, வலியைக் குறைத்து நாளை நீட்டலாம் என்று டாக்டர் அத்தையிடமே நேராகச் சொன்னார். அங்கிருந்துதான் என் தப்பு தொடங்கியது. ஆடித் திருவிழாவுக்குச் சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகணும் என்றாள். கூட்டம், வேண்டாம் என்றேன். பேத்தியின் காதுகுத்துக்கு நாமக்கல் பஸ்ஸில் போகிறேன் என்றாள். குலுங்கும், வேண்டாம் என்றேன். அக்கறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சொன்னாள்: "நீ என்னைய நல்லாத்தான் பாத்துக்கிற சாமி. ஆனா நான் செத்தாப் பொறவு பண்ண வேண்டியதை இப்பவே பண்ணிக்கிட்டு இருக்கிற."

அதற்கடுத்த மாசம் எங்கள் யாரிடமும் சொல்லாமல் திண்ணைப் பெண்கள் எல்லாரும் வேன் பிடித்துக் கொல்லிமலைக்குப் போய்விட்டார்கள். 70 கொண்டை ஊசி வளைவு! முதுகுக்கு மூன்று தலையணை. மாமாவும் கூட்டு. அறப்பளீஸ்வரர் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு மற்றவர்கள் படியிறங்கிப் போக, ஆயிரத்துக்கு மேல் படி என்பதால் அத்தை மேலேயே உட்கார்ந்து அன்னாசிப்பழம் தின்றிருக்கிறாள். ராத்திரி வீட்டுக்கு வந்து எனக்குப் போன் போட்டாள். "எழுபதையும் எண்ணிட்டேன். திட்டறதுன்னா இப்பத் திட்டிக்க, மாத்திரை போட்டுட்டுப் படுக்கணும்." இரண்டு நாள் வலியில் கிடந்தாள். அடுத்த மலை ஏற்காடு என்றாள். அதற்கும் போனாள், அந்தத் தடவை என் காரில்.

2019 புரட்டாசியில் அத்தை போய்ச் சேர்ந்தாள். கடைசிப் பத்து நாள்தான் படுக்கை. அதற்கு முந்தின வாரம் வரை கட்டிலோரம் தட்டை வைத்துக்கொண்டு, நாளைக்குப் பத்துப் பதினைந்து முறுக்காவது சுற்றிக் கொடுத்திருக்கிறாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தக் கடைக்காரர் வந்தார். அத்தையின் கணக்கு நோட்டில் அவர் பாக்கி 340 ரூபாய் என்று எழுதியிருந்தது. மாமா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் எண்ணி வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கடைசியாக வந்த சரக்கில் ஆறு முறுக்கை விற்காமல் வைத்திருந்தாராம். எதிர்ப்பக்கம் சுழல்கிற முறுக்கு. கொஞ்சம் காறல் வாடை வந்துவிட்டிருந்தது. பேத்தி ஒன்றை எடுத்து, நடுவிலிருந்து விரலை வைத்துச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தாள். அப்புறம் கடித்துவிட்டாள்.