ஆடைத்துணிகளின் இயல்பும் பயன்பாடும்: ஒரு சமூகவியல் நோக்கு

1

ஆடைத்துணிகள் பற்றி எழுதப்படும் கைந்நூல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பினைக் கொண்டவை. பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆதலால் வெப்பநாட்டு அன்றாட உடைக்கு ஏற்றது. பட்டு மென்மையும் பளபளப்பும் உடையது, ஆதலால் விழாக்களுக்கு உரியது. பொலியெஸ்டர் கசங்காது, விரைவில் உலரும், ஆதலால் வேலைக்குச் செல்வோர்க்கு வசதியானது என அவை கூறிச் செல்லும். இக்கூற்றுகள் ஒவ்வொன்றிலும் முதற்பகுதி பௌதிக உண்மை; சோதனைச்சாலையில் நிறுவக்கூடியது. இரண்டாம் பகுதி அத்தகையதன்று. ஒரு துணியை யார், எப்போது, எதற்காக அணிகின்றனர் என்பதைச் சோதனைச்சாலை சொல்லாது. இரு பகுதிகளையும் இணைக்கும் ‘ஆதலால்’ என்னும் சொல்லுக்குள் நீண்டதொரு சமூக வரலாறு மறைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்வதே எமது நோக்கம்.

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், பண்டத்தின் இயல்பை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் 20 யார் லினன் துணியும் ஒரு மேலங்கியுமாகும். உடலைப் போர்த்துவது துணியின் பயன்மதிப்பு. சந்தையில் பிற பண்டங்களோடு மாற்றப்படுவது அதன் பரிவர்த்தனை மதிப்பு. எமது முற்போக்கு விமரிசனம் பலவேளைகளில் இரண்டாவதைப் பற்றியே பேசி முதலாவதைத் துணிக்கடைக்காரருக்கு விட்டுவிடுகின்றது. பொருளின் இயல்பை அறியாத பொருள்முதல்வாதம் முழுமையானதன்று. ஆகவே நாம் நாரிலிருந்தே தொடங்குவோம்.

2

துணியொன்றின் இயல்பினை முதன்மையாக நார், நூல், நெசவு ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன.

பருத்தியும் ஆளிச்செடித் தண்டிலிருந்து பெறப்படும் லினனும் தாவர நார்கள். கம்பளியும் பட்டும் விலங்கு நார்கள். ரேயோன் மரக்கூழிலிருந்து இரசாயன முறையால் இழுக்கப்படுவது. நைலோனும் பொலியெஸ்டரும் பெரும்பாலும் பெற்றோலிய வழிப்பொருட்களிலிருந்து ஆக்கப்படுபவை. இவற்றிடையே உள்ள தலையாய வேறுபாடு நீரோடு அவை கொள்ளும் உறவாகும். 65 வீத ஈரப்பதனுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீரை ஈர்த்து வைத்திருக்கும். பட்டு ஏறத்தாழ 11 கிராமும், கம்பளி 16 கிராமும், நைலோன் 4 கிராமும் ஈர்க்கும். பொலியெஸ்டர் ஈர்ப்பதோ அரைக் கிராமுக்கும் குறைவு. பருத்தி நனையும்போது வலிமை கூடும். அதனாலேயே கல்லில் அடித்துத் துவைப்பதைத் தாங்குகின்றது. ரேயோன் நனையும்போது தன் வலிமையிற் பெரும்பகுதியை இழக்கும்.

நூலின் பருமன் இலக்கத்தால் குறிக்கப்படும். ஓர் இறாத்தல் பருத்தி நூலில் 840 யார் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே அந்நூலின் இலக்கம். எனவே 20ஆம் இலக்க நூல் தடித்தது. 100ஆம் இலக்க நூல் மிக மெல்லியது. ‘முரட்டுத் துணி’, ‘சன்னத் துணி’ என மக்கள் வழங்கும் பாகுபாட்டின் அடிப்படை பெரும்பாலும் இதுவே.

நெசவு மூவகைப்படும். ஊடிழை ஒரு பாவிழையின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செல்வது சாதாநெசவு. காலிக்கோ, பொப்ளின், வொயில், மஸ்லின் ஆகியன இவ்வகையின. ஊடு படிப்படியாக விலகிச் சாய்ந்த வரிகளைத் தோற்றுவிப்பது சாய்வரி நெசவு. காக்கி ட்றில்லும் டெனிமும் இவ்வாறு நெய்யப்படுவன. சாதாநெசவை விட நெருக்கமாக இழைகளை அடைக்க இது இடமளிப்பதால் துணி கனத்து உழைப்பைத் தாங்குகின்றது. டெனிமின் பாவு அவுரி நீலம், ஊடு சாயமிடாதது. வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் தோன்றுவது இதனாலேயே. மூன்றாவது சாட்டின் நெசவு. இழைகள் நீண்ட தூரம் மேலே மிதப்பதால் ஒளியைத் தெறிக்கும்; அதே காரணத்தால் எளிதில் இழுபட்டுச் சிதையும். இதன் பளபளப்பும் பலவீனமும் ஒரே அமைப்பின் இரு விளைவுகள். உடலுழைப்பாளருக்கு இது பயன்படாமைக்கு இயல்பும் ஒரு காரணந்தான். ஆனால் பயன்பாடு இயல்போடு முடிந்துவிடுவதில்லை.

3

‘காலிக்கோ’ என்னும் பெயர் கோழிக்கோட்டிலிருந்து வந்தது. இந்தியப் பருத்தித்துணி இங்கிலாந்துச் சந்தையை நிறைத்தபோது, அங்கிருந்த கம்பளி, பட்டு உற்பத்தியாளரின் நெருக்குதலால் 1700இலும் 1721இலும் தடைச்சட்டங்கள் இயற்றப்பட்டன. நூற்கும் இயந்திரங்கள் பெருகி இங்கிலாந்தின் சொந்தப் பருத்தித் தொழில் காலூன்றிய பின்னரே, 1774இல், அத்தடை நீக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திசை மாறியது; லங்காஷயர் ஆலைத்துணி தென்னாசியச் சந்தைகளில் குவிந்தது. பருத்தியின் இயல்பு இக்காலம் முழுவதும் மாறவில்லை. மாறியது அதன்மீதான ஆதிக்கமே.

இவ்வணிகத்தில் இலங்கையின் பங்கு சிறிதேனும் குறிப்பிடத்தக்கது. சோழமண்டலத் துணிகளுக்குச் சிவப்பு நிறமளித்த சாயவேர் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் தோண்டப்பட்டு ஒல்லாந்தரின் வருவாய்ப் பொருட்களுள் ஒன்றாயிற்று. வேரைத் தோண்டி ஒப்படைக்கும் கடமை குறித்த சாதிப்பிரிவினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. துணியின் நிறத்துக்குள்ளும் சாதியின் உழைப்பு தோய்ந்திருந்தது எனலாம்.

4

துணிக்கும் சமூகப் படிநிலைக்கும் உள்ள உறவு பொதுவாக வழக்கத்தாலும் விலையாலும் பேணப்படும். அவை போதாதவிடத்துச் சட்டம் வெளிப்படையாகவே தலையிட்டது. இருவேறு நாடுகளின் சான்றுகள் இரண்டு போதும்.

1740இல் தென் கரோலினாவில் இயற்றப்பட்ட அடிமைச்சட்டம், அடிமைகள் அணியத்தக்க துணிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. ‘நீகுரோத் துணி’ எனவே அழைக்கப்பட்ட முரட்டுத் துணி, தடித்த கம்பளி, முரட்டு லினன், கட்டமிட்ட பருத்தி, காலிக்கோ என்பன அனுமதிக்கப்பட்டன. அவற்றினும் உயர்ந்தவை தடுக்கப்பட்டன. இங்கிலாந்தின் தொழிலைக் காக்கும் பொருட்டு ஒரு காலத்தில் அங்கே தடைசெய்யப்பட்ட காலிக்கோ, கடல்கடந்த குடியேற்றமொன்றில் அடிமைக்குரிய துணிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டமை மனங்கொளத்தக்கது.

திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காக நடத்திய நீண்ட போராட்டத்தின் பின், 1859இல் அரசு ஒரு பிரகடனத்தை வெளியிட்டது. மார்பை மறைக்க அது இசைந்தது. கிறிஸ்தவப் பெண்களைப் போல இரவிக்கை அணியலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போலச் சுற்றிக்கட்டலாம், வேறெவ்வகையிலும் மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியலாகாது. உடலை மறைத்தல் என்னும் பயன்மதிப்பை விட்டுக்கொடுத்த அதிகாரம், துணியின் தரத்தையும் அணியும் முறையையும் சாதியின் அடையாளமாக இறுகப் பற்றிக்கொண்டது. நூலிலக்கம் இங்கே தொழில்நுட்ப அளவாக மட்டும் இருக்கவில்லை.

எமது மலையகத்திற் சட்டத்தின் இடத்தைக் கணக்கேடு வகித்தது. கம்பளி நார் நீராவியை உள்வாங்கியும் உடலுக்கு ஈரத்தை உணர்த்தாது. நனைந்த நிலையிலும் ஓரளவு சூட்டைக் காக்கும். மழையும் குளிரும் மிகுந்த மலைச்சரிவுகளில் தோட்டத் தொழிலாளரின் தலையையும் தோளையும் கறுப்புக் கம்பளி மூடியமைக்கு இவ்வியல்பு காரணமாகும். ஆனால் வேலையின் கருவியேயான அக்கம்பளி தொழிலாளியின் பெயரிற் பற்றெழுதப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டமைக்கு நாரின் இயல்பிலே விளக்கம் இல்லை. பெருந்தோட்ட உற்பத்தி உறவுகளிலேயே அது உண்டு.

5

எமது வாதத்துக்கு வலுவான சான்று செயற்கை நார்களின் வரலாறாகும். நைலோன் 1935இல் ஐக்கிய அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. ‘டெரிலின்’ எனப் பெயர்பெற்ற பொலியெஸ்டர் நார் 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் ஆகிய இருவரால் கண்டறியப்பட்டது. அவர்கள் பணியாற்றிய நிறுவனத்தின் பெயர் காலிக்கோ அச்சிடுவோர் சங்கம் என்பது வரலாற்றின் ஒரு சுவையான முரண்.

1960களிலும் 1970களிலும் டெரிலின் சேட்டும் நைலெக்ஸ் சேலையும் எம்மவரிடையே மதிப்பின் அடையாளங்கள். இஸ்திரி வேண்டாத சேட்டு, உடலுழைப்பிலிருந்து விலகிய எழுதுவினைஞரின் பெருமை. கைத்தறிச் சாரமும் சீத்தைச் சட்டையும் ஏழையின் உடை. இன்று உலகின் மொத்த நார் உற்பத்தியிற் பாதிக்கும் மேற்பட்டது பொலியெஸ்டர். அது மலிந்ததும் நடைபாதைக் கடைக்கு இறங்கியது. கைத்தறிப் பருத்தியும் லினனும் ‘இயற்கையானவை’ என்ற புகழோடு கொழும்பின் விலையுயர்ந்த கடைகளுக்கு ஏறின. பருத்தி அன்றும் அதே 8 கிராம் நீரையே ஈர்த்தது. இடம்மாறியது வர்க்க அடையாளமே.

இவ்விடமாற்றம் வெறும் நாகரிக விடயமன்று. வெயிலில் உழைப்போரின் உடலில், வியர்வையை ஈர்க்காத துணி ஒட்டிக்கிடக்கின்றது. விறகடுப்பின் அருகிலும் குப்பி விளக்கின் அருகிலும் ஆபத்து இன்னும் பெரிது. பருத்தியும் தீப்பற்றக்கூடியதே, ஆனால் நைலோனும் பொலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக் காயத்தை ஆழமாக்குகின்றன. எரிவாயுவும் மின்சாரமும் உள்ள வீட்டாருக்குப் பருத்தி ஒரு தெரிவு. அவை இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு மலிந்த செயற்கைச் சேலை பலவேளைகளில் தெரிவே அன்று. இதனைக் கொண்டு செயற்கை நாரையே பழிப்பதும் பிழை. நீடித்து உழைத்தல், விரைந்து உலர்தல், குறைந்த விலை ஆகியன மாற்றுடை அரிதான குடும்பத்துக்குப் பெரும் நன்மைகள். துவைக்கும் பெண்ணின் உழைப்பையும் அவை குறைத்தன. பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணி இருவகை நன்மைகளையும் ஓரளவு சேர்த்துத் தருகின்றது. கேள்வி நாரைப் பற்றியதன்று. தெரிவு செய்யும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்பதைப் பற்றியது.

6

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரத்தோடு இறக்குமதித் துணிகள் பெருகியபோது, மருதமுனை முதலிய கிழக்கிலங்கைக் கைத்தறி ஊர்கள் பெரும் நெருக்கடிக்குள்ளாயின. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது. ஆடைகள் நாட்டின் தலையாய கைத்தொழில் ஏற்றுமதியாயின. அவற்றுக்கான துணியிற் பெரும்பகுதி இறக்குமதியானது. நெய்தவர் தறியை இழக்க, இளம்பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். சீரான பருத்தியையும் நுண்ணிய பின்னல் துணிகளையும் நாள்முழுதும் கையாளும் அவர்கள், அவ்வாடைகளின் விலைச்சீட்டில் உள்ள தொகையைத் தம் கூலியில் எளிதிற் செலவிட முடியாதவர்கள். எதன் தரத்தை விரல்நுனியால் மிக நன்கறிவார்களோ அதுவே அவர்களுக்குத் தூரமாயிற்று.

துணிகளின் இயல்பைக் கற்பிக்கும் மனையியற் பாடமும் அவற்றின் வரலாற்றைக் கற்பிக்கும் சமூகவியலும் இன்று வெவ்வேறு அறைகளில் நடைபெறுகின்றன. அவற்றை இணைத்தல் வேண்டும். புடைவைக்கடைக் கணக்கேடுகள், தோட்டப் பற்றேடுகள், நெசவாளரின் வாய்மொழி, நாட்டார் வழக்கில் வாழும் துணிப்பெயர்கள் ஆகியன இன்னும் தொகுக்கப்படாத மூலங்கள். கைத்தறி முதியோர் மறையுமுன் இவற்றைப் பதிவுசெய்வது எமது பல்கலைக்கழக ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.