கோச் போனார், கேப்டன் போனார்... ரெயிலும் போச்சு!

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிப்டு விட்டால் டீக்கடையில் கால்பந்துப் பேச்சுதான்.

சென்னையின் எப்.சி. 2015-லும் 2018-லும் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தட்டிச் சென்ற அணி. கோச் ஓவன் காயில் 2019 டிசம்பரில் வந்தார். தடுமாறிய அணியை பைனலுக்கு இழுத்துப் போனார். அடுத்த சீசனே ஜாம்ஷெட்பூருக்குப் பறந்தார்! 2023-ல் திரும்பினார். 2025-ல் மறுபடி டாட்டா. கேப்டன் அனிருத் தாபாவும் 2023-ல் மோகன் பகானுக்குப் போய்விட்டார். துட்டு இருக்கிற பக்கம் ஆள் போவது சகஜம், அதில் ரசிகர்களுக்குக் கோபமில்லை.

கோபம் வேறு. டி.வி.க்காக ஆட்டம் இரவு 7.30-க்கு. ஏலகிரி எக்ஸ்பிரசோ 6 மணிக்கு முன்பே சென்ட்ரலை விட்டுக் கிளம்பிவிடும். ஆட்டம் பார்த்தால் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டும். காலையில் ஷிப்டுக்கு யார் போவது?

2025-ல் அடி மேல் அடி. ஐ.எஸ்.எல். நடத்திய கம்பெனியோடு கால்பந்து சம்மேளனம் போட்ட 15 வருட ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, புதுப்பிக்கவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு கிளப் சம்பளத்தையே நிறுத்தியது. அதே மாதம்தான் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஏற்றுமதி ஷூவை நம்பிய ஆம்பூர்க்காரர்களுக்கு வீரர்களின் கவலையைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு டெண்டர் விட்டார்கள். ஒருத்தரும் வரவில்லை! சீசன் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது.