உங்களுக்குத் தெரியுமா? கொழும்புக்கு வந்த கோல்கள்

● 1850களில் கொழும்புக்கு வெளியுலகச் செய்தியைச் சுமந்து வந்தவை புறாக்கள். அன்றைய பெரிய துறைமுகம் காலி. அங்கே வந்து நிற்கும் கப்பல்களில் கிடைத்த செய்தியைப் புறாவில் கட்டிக் கொழும்புக்குப் பறக்கவிட்டது 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை. 1858இல் இரு ஊர்களுக்கும் இடையே தந்திக் கம்பி இழுத்ததும் புறாக்களின் வேலை முடிந்தது. இன்றைய எஸ்.எல்.டி-மொபிடெல் தன் வயதை அந்த 1858இலிருந்தே எண்ணுகிறது.

● தெற்காசியாவில் முதன்முதலில் கைபேசிச் சேவை தொடங்கிய நாடு இலங்கை. 1989இல் செல்டெல் வந்துவிட்டது. இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995இல்தான். செல்டெல் பின்னர் ரிகோ ஆகி, எடிசலாட் ஆகி, 2018இல் ஹட்ச் நிறுவனத்தோடு கலந்தது.

● 1980 வரை தபாலும் தொலைபேசியும் ஒரே திணைக்களம். 1991இல் தொலைத்தொடர்பு கூட்டுத்தாபனமானது, 1996இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் (இன்றைய எஸ்.எல்.டி-மொபிடெல்) என்ற கம்பனியானது, 1997இல் 35 சதவீதப் பங்கு ஜப்பானின் என்.டி.டி.க்குப் போனது. அதற்கு முன்பு வீட்டுக்கு ஒரு ரெலிபோன் எடுக்க விண்ணப்பம் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1996இல் சன்டெல், லங்கா பெல் என்ற இரு நிறுவனங்கள் கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசியோடு களத்தில் இறங்கிய பிறகே அந்த வரிசை கரையத் தொடங்கியது. போட்டி இல்லாத இடத்தில் வாடிக்கையாளருக்கு மரியாதை கிடைப்பது அரிது.

● என்.டி.டி. 2008இல் விற்ற பங்கை வாங்கியது யார் தெரியுமா? மலேசியச் செல்வந்தர் ஆனந்த கிருஷ்ணனின் குழுமம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த அவர் யாழ்ப்பாண வம்சாவளித் தமிழர். அக்குழுமத்தின் பங்கு 44.98 சதவீதமாக உயர்ந்தது; திறைசேரியிடம் 49.5 சதவீதம். ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பரில் காலமானார்.

● இனி வெள்ளவத்தைக்கு வருவோம். 1990களில் காலி வீதியிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் 'கொமினிகேஷன்' கடைகள் நிறைந்திருந்தன. கண்ணாடி அடைத்த சிறு கூண்டு, உள்ளே ஒரு ரெலிபோன், நிமிடம் எண்ணும் மீற்றர். வடக்கிலிருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலும் வெள்ளவத்தை அறைகளிலும் தங்கியிருந்தவர்களுக்கு அந்தக் கூண்டுதான் உலகம். லண்டனிலிருந்து அண்ணா எத்தனை மணிக்கு எடுப்பார், கனடா ஸ்பொன்சர் என்ன ஆனது, ஏஜென்சிக்காரர் அடுத்த கிழமை என்று சொன்னது எந்தக் கிழமை என்று எல்லாம் அங்கேதான் பேசப்பட்டன. வெளிநாட்டிலிருந்து கோல் வரும் நேரத்துக்கு முன்பே வந்து வாங்கில் காத்திருந்த அம்மாக்களை அந்தத் தெருக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கோ அந்த ஆண்டுகளில் நெடுங்காலம் ரெலிபோனே இல்லை. ஆகவே ஊரிலிருக்கும் தாய்க்கும் ரொறன்ரோவிலிருக்கும் மகனுக்கும் நடுவில் கொழும்பிலிருந்த ஓர் உறவினர் நின்றார்: ஒரு பக்கம் கடிதம், மறுபக்கம் கோல். 2002 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகுதான் கைபேசிச் சேவை யாழ்ப்பாணத்தை எட்டியது. வெளிநாட்டு அழைப்பில் ஸ்ரீலங்கா ரெலிகொமுக்கு இருந்த தனியுரிமையும் அதே ஆண்டில் முடிந்து, 2003இல் மற்ற நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைத்தது. கட்டணம் மளமளவென்று இறங்கியது. இந்நாட்டுத் தொலைத்தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் அந்தக் கடைகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கவேண்டும். இதுவரை ஒதுக்கியது போதாது என்பது என் உறுதியான கருத்து.

● பூமியோடு ஒத்துச் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியாக உலகம் முழுதும் பேசலாம் என்று 1945இலேயே விளக்கி எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தார். 2008இல் கொழும்பிலேயே மறைந்தார். இலங்கையின் செயற்கைக்கோள் தரை நிலையம் பாதுக்கையில் அமைந்தது 1970களில்.

● ஆனாலும் நம் வட்ஸ்அப் கோலைச் சுமப்பது பெரும்பாலும் வானமல்ல, கடல். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெகிவளையைத் தாண்டினால் கல்கிசை. ஜெர்மனியிலிருந்து ஜப்பான், அவுஸ்திரேலியா வரை சுமார் 39,000 கி.மீ. ஓடிய சீ-மீ-வீ 3 கேபிள் அங்கேதான் கரையேறியது. 2006இல் தூத்துக்குடியிலிருந்து ஒரு தனிக் கேபிளும் அதே கரைக்கு வந்தது. 2004 ஓகஸ்டில் 'ஸ்டேட் ஒஃப் நாகலாந்து' என்ற இந்தியக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டபோது சீ-மீ-வீ 3 அறுந்தது. நாட்டின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் பெருமளவில் முடங்கின. ஒரே நூலில் ஒரு நாட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம் என்பது அன்று விளங்கியது. பின்னர் சீ-மீ-வீ 4, மாத்தறையில் ஏறும் சீ-மீ-வீ 5 என்று வழிகள் பெருகின.

● கேபிள் அறுந்தால்தான் தொடர்பு அறும் என்றில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று கொட்டாஞ்சேனை கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்திலும் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. ஏப்ரல் 30 வரை தடை நீடித்தது. வதந்தி பரவாமலிருக்க என்றது அரசு. வதந்தியின் ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடிய வெளிநாட்டுத் தமிழருக்கும் அதே கதவுதான் அடைபட்டது. அதை இன்றும் ஏற்க முடியவில்லை.

● இணைய முகவரியின் கடைசியில் வரும் .எல்கே 1990இல் பதிவானது. தமிழில் .இலங்கை என்றும் முடிக்கலாம். அதற்கு அனுமதி கிடைத்தது 2010இல். வெள்ளவத்தைக் கடைகளின் பெயர்ப்பலகையில் பளிச்சென்று தெரியும் தமிழை இணைய முகவரியிலும் பார்க்க எனக்கு ஆசை. பதிய விரும்புவோர் எல்.கே. டொமைன் பதிவகத்தை நாடலாம்.

● கொழும்பு வீட்டு எண்ணில் 011க்கு அடுத்த இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் ஸ்ரீலங்கா ரெலிகொம், 5 என்றால் லங்கா பெல், 7 என்றால் டயலொக். 4 என்றால் ஒரு காலத்தில் சன்டெல். 2012இல் டயலொக் அதை வாங்கிவிட்டது.