பெருநாள் என்னும் சொல் சிதையாதிருக்க

வெம்பாக்கத்து நெசவாளர் இல்லம் ஒன்றில் வாழும் மூதாட்டிக்கு, வளைகுடாவில் பணிபுரியும் மகன் மின்னூல் ஒன்றை அனுப்புகின்றார் என வைத்துக்கொள்வோம். அவருடைய கணிப்பொறியில் ‘பெருநாள்’ எனத் தெளிவாகத் தெரிந்த சொல், அன்னையின் பழைய கைப்பேசியில் கொம்பு இடம் மாறிச் சிதைந்து நிற்கக்கூடும்.

காரணம் இதுதான். யுனிகோடு முறையில் ‘ப’ முதலிலும் கொம்பு பின்னரும் பதிவாகின்றன. கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுவது கருவியின் பொறுப்பு. பல கருவிகளுக்கும் பொருந்த வேண்டியே, 2013-இல் தோன்றிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் ஒரே நூலை ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறங்குல பிடிஎஃப் எனப் பல வடிவங்களில் வழங்கினர்.

பிடிஎஃபில் எழுத்து சிதைவது அரிது. ஆனால் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஈபப் வரிகளை மடித்துத் தரும். உரைநடைக்கு அது நலமே. மதுரைத் திட்டம் மின்பதிப்பாக்கிய உமறுப் புலவரின் சீறாப்புராணம் போன்ற நூலிலோ, அடி எங்கே முடிகின்றது என்பதே மயங்கிவிடும்.

அரபி இன்னும் நுட்பமானது. எழுத்துகள் இணையாமல் பிரிந்தும், இடமிருந்து வலமாகத் திரும்பியும் தோன்றினால், துஆவைப் பார்த்து ஓதுபவர் பிழையாக ஓத நேரும்.

ஆகவே அனுப்புமுன், அன்னையிடம் உள்ளது போன்ற கைப்பேசியிலேயே திறந்து, எழுத்தை இரு மடங்காக்கிப் பாருங்கள். கொம்புள்ள சொல் ஒன்று, செய்யுள் ஒன்று, துஆ ஒன்று: இம்மூன்றையும் சோதித்தால் போதும். அரபி மட்டும் சிதைந்தால் அப்பகுதியைப் படமாகச் சேர்க்கலாம். எழுத்தைப் பெரிதாக்கும்போது படம் உடன் பெரிதாகாது, அவ்வளவே.