பழைய சரக்கு வேனில் படுக்க இடம்: வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய கணக்கு



நம்ம விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். செராமிக் பொம்மை, அகல் விளக்கு, சாமி சிலை என்று விற்கிற சகோதரிகள் நம் குழுக்களில் நிறையப் பேர். நவராத்திரி கொலு, கார்த்திகை தீபம், வடலூர் தைப்பூசம், நம்ம ஊர் மாசி மகம், நெய்வேலி புத்தகக் கண்காட்சி என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு இடத்தில் கடை போட வேண்டியிருக்கும். உடையக்கூடிய சரக்கை விட்டுவிட்டு ராத்திரி வீட்டுக்கு வரமுடியாது. தார்ப்பாய் கட்டி, சரக்குப் பெட்டிக்குப் பக்கத்திலேயே விடிய விடிய விழித்திருப்பதுதான் வழக்கம்.

அதனால்தான் கூட்டங்களில் இந்தக் கேள்வி வருகிறது: "பழைய சரக்கு வேன் ஒண்ணு வாங்கி, பகல்ல சரக்கு ஏத்திக்கிட்டு, ராத்திரி உள்ளேயே கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்கிற மாதிரி மாத்திக்கலாமா?"

நல்ல கேள்வி. ஆனால் இதில் குழுவின் கடன் பணமும், பெண்களின் உயிரும் சேர்ந்தே இருக்கிறது. பட்டறைக்காரரிடம் பேசுவதற்கு முன்னாடி ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும், எடைக் கணக்கு போட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கேம்பர் வேன் என்றால் என்ன?

படுக்கை, தண்ணீர், விளக்கு, சின்ன அடுப்படி என்று வண்டிக்குள்ளேயே தங்குவதற்கு வசதி செய்த வேனுக்குத்தான் கேம்பர் வேன் என்று பெயர். நம்ம பக்கம் சினிமா படப்பிடிப்பில் நிற்கிற 'கேரவன்' எல்லாருக்கும் தெரியும். கேரள அரசு 2021-இல் சுற்றுலாவுக்காகவே கேரவன் திட்டம் கொண்டு வந்தது. வெளிநாடுகளில் பழைய சரக்கு வேனை வாங்கித் தாங்களே மாற்றிக்கொள்கிறவர்கள் நிறைய. நம் நாட்டில் அப்படி இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. காரணம் என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் எழுதியிருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. அதே 2019-இல் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று வைத்துவிட்டார்கள்.

கேம்பர் வேன், நடமாடும் உணவகம், சரக்கு வண்டி மூன்றும் பதிவில் தனித்தனி வகை. சரக்கு வண்டியாகப் பதிந்ததைக் கூரை உயர்த்தி, ஜன்னல் வெட்டி, சீட்டு வைத்து ஓட்டினால் எஃப்.சி. காட்டும்போது நிறுத்திவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் இல்லாத மாற்றத்தைக் காட்டி நஷ்ட ஈட்டை மறுக்க இடம் உண்டு. வண்டியின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

அப்படியானால் நமக்கு என்ன வழி? வண்டியின் உடம்பில் கை வைக்காமல், உள்ளே கழற்றி மாட்டக்கூடிய சாமான்களை மட்டும் வைத்துக்கொள்வது. பெட்டி, மடக்குக் கட்டில், தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றி இறக்கும் பொருட்கள். ஆணி அடித்து, வெல்டிங் வைத்து நிரந்தரமாக எதையும் கட்டுவதாக இருந்தால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பார்த்து எழுத்து மூலம் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று புரோக்கர் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. வண்டி ஓடும்போது பின்பக்கம் யாரும் உட்காரவோ படுக்கவோ கூடாது. டாட்டா ஏஸ் மாதிரிச் சின்ன சரக்கு வண்டியில் டிரைவரோடு சேர்த்து 2 பேருக்குத்தான் இடம். ஆர்.சி.யில் எத்தனை பேர் என்று இருக்கிறதோ அத்தனை பேர் மட்டும் முன்னால் வரலாம். மற்றவர்கள் பஸ்ஸில் வர வேண்டியதுதான். படுக்கை நிறுத்திய வண்டிக்கு மட்டும்.

வண்டி பார்க்கும்போது

மூடிய பாடி உள்ள வண்டியாகவே தேடுங்கள். மூடிய பாடி என்று ஆர்.சி.யிலும் இருக்க வேண்டும். திறந்த வண்டியை வாங்கி மூடி போட்டால் முன்னே சொன்ன சட்டச் சிக்கல் உடனே வந்துவிடும். பிறகு இந்த ஆறையும் பாருங்கள்:

1. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கிற எண்ணோடு ஒத்துப்போகிறதா?

2. எஃப்.சி. எந்தத் தேதி வரை? சரக்கு வண்டிக்கு முதல் 8 வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம் எடுக்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் பல மடங்கு கூடிவிட்டது. விலை மலிவாகத் தெரிகிற பழைய வண்டி அங்கேதான் காலை வாரும்.

3. ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா? இருந்தால் படிவம் 35-உம் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம்.

4. பெயர் மாற்றப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து இருக்கிறதா? வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-உம் தேவை. வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

5. சாலை வரி, இன்சூரன்ஸ், போலீஸ் அபராதம் பாக்கி உண்டா? படித்த பெண்பிள்ளை ஒருத்தியை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. தளத்தின் அடியில் துரு ஓட்டை இருக்கிறதா? சைலன்சர் குழாயில் கசிவு உண்டா? இது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறோம்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குத் தனியாக பெர்மிட் வேண்டாம். லைசென்ஸ் விஷயத்திலும் ஒரு நல்ல செய்தி: 7,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. நம் குழுவில் ஒருத்தர் கார் ஓட்டப் பழகினால் டிரைவர் கூலி மிச்சம்.

எடைக் கணக்கு

நம்ம சரக்கு பஞ்சு இல்லை, பீங்கான். அதனால் இந்தக் கணக்கைப் போடாமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. ஆர்.சி.யில் மொத்த எடை 1,550 கிலோ, வெறும் வண்டி எடை 800 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிச்சம் 750 கிலோ. இதில் என்னென்ன கழிகிறது?

முன்னால் உட்காரும் 2 பேர்: 120 கிலோ
12 மி.மீ. பிளைவுட் 3 பலகை (ஒன்று சுமார் 24 கிலோ): 72 கிலோ
கழற்றக்கூடிய இரும்புச் சட்டம்: 40 கிலோ
தண்ணீர் 40 லிட்டர்: 40 கிலோ
பாய், மெத்தை, துணிமணி, பாத்திரம்: 30 கிலோ
பேட்டரி: 15 கிலோ
அடுப்பும் சின்ன சிலிண்டரும்: 15 கிலோ

கூட்டினால் 332 கிலோ. சரக்குக்கு மிஞ்சுவது 418 கிலோதான். "முக்கால் டன் ஏத்தலாம்" என்று நினைத்து வாங்குகிற வண்டியில், படுக்கை வசதி வந்ததும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் சரக்கு போகும். இந்தச் சரக்கு விற்றால் டீசல் செலவும் தவணையும் கட்டுமா என்று அப்போதே தெரிந்துவிடும். உங்கள் வண்டியின் எண்ணை வைத்து இதே கணக்கைக் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள்.

எடையை வைக்கும் இடமும் முக்கியம். கனமான பெட்டி கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கனத்தை மேலே அடுக்கினால் வளைவில் வண்டி சாயும். பின்னால் குவித்தால் முன்சக்கரத்தின் பிடி குறையும்.

உள்ளே எப்படி அமைப்பது?

முதலில் டேப் வைத்து உள்ளளவு எடுங்கள். 6 அடி நீளமும் ஒரு ஆளுக்கு 2 அடி அகலமும் இருந்தால்தான் காலை நீட்டிப் படுக்கலாம். ஒன்றரை அடி உயரத்தில் மூடி போட்ட மரப்பெட்டிகள் செய்து, உள்ளே வைக்கோல் சுற்றிய பொம்மையை வைத்து, மூடியின் மேல் பாய் விரித்தால் அதுவே கட்டில். பகலில் அதே பெட்டியை இறக்கிக் கடைக்கு மேசையாகப் போடலாம். ஓடும்போது பெட்டி நகராமல் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

சரக்கு வண்டியின் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். பல வண்டிகளில் வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். உள்ளே படுத்திருக்கும்போது யாராவது வெளியே கொக்கியைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? உள்ளிருந்து திறக்கிற தாழ்ப்பாள் இல்லாத வண்டியில் ஒருநாளும் படுக்காதீர்கள்.

காற்று: உயிர் விஷயம்

2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை என்ற ஊரில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டியின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்ததுதான் காரணம் என்று நிபுணர்கள் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். தளத்தில் துரு ஓட்டை பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆகவே, உள்ளே ஆள் படுத்திருக்கும்போது இன்ஜினை ஓடவிடாதீர்கள். ஜெனரேட்டரை வண்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கரி அடுப்பு, கொசுவத்திச் சுருள் எதையும் மூடிய வண்டிக்குள் கொளுத்தாதீர்கள். இரண்டு எதிரெதிர்ப் பக்கத்தில் காற்று வழி இருக்க வேண்டும். கதவை நான்கு விரல் அளவு திறந்து, உள்ளே சங்கிலி போட்டு, கொசுவலை கட்டிக்கொள்ளலாம்.

சமையல் வெளியில்தான். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும், நாம் படுத்திருப்பதும் அங்கேதான். ராத்திரி சிலிண்டரை வெளியே இறக்கி வையுங்கள். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது.

விளக்கும் ஃபேனும்

5 வாட் எல்.இ.டி. விளக்கு 2, தினம் 6 மணி நேரம் எரிந்தால் 60 யூனிட் இல்லை, 60 வாட்-மணிதான். 20 வாட் ஃபேன் 8 மணி நேரம் ஓடினால் 160 வாட்-மணி. மொத்தம் 220. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் 480 இருக்கும். பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் பேட்டரி உழைக்கும். ஆக ஒரு ராத்திரிக்குச் சரியாக இருக்கும். இதற்குத் தனி பேட்டரி வேண்டும். வண்டியின் பேட்டரியில் ஃபேன் போட்டால் காலையில் வண்டி கிளம்பாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம் போடுங்கள்.

ராத்திரி தங்கும்போது

தனியாக ஒருவர் தங்கவே கூடாது, குறைந்தது இரண்டு பேர். வெளிச்சமும் கழிவறையும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்று ஊக்குநருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி 112. இரண்டையும் கதவின் உட்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கடன் கணக்கு

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வட்டி மானியத் திட்டத்தில் வரும் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடன் 7 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். 3 லட்சத்தை 36 மாதத்தில் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 9,260 ரூபாய். அதோடு இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், ரிப்பேர் எல்லாவற்றையும் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக் கூட்டுங்கள். நம்ம வியாபாரம் சீசன் வியாபாரம். தவணைக்கு சீசன் கிடையாது. திருவிழா இல்லாத மாதத்தில் வண்டி என்ன சம்பாதிக்கும்? வாடகைச் சரக்கு ஓட்ட ஆள் உண்டா? இதற்குப் பதில் இல்லை என்றால் கடன் வேண்டாம்.

முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யலாம். அடுத்த திருவிழாவுக்கு மூடிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். பெட்டி, பாய், விளக்கோடு இரண்டு சகோதரிகள் இரண்டு ராத்திரி தங்கிப் பார்க்கட்டும். சரக்கு எவ்வளவு போனது, உடைசல் எவ்வளவு, புழுக்கம் தாங்க முடிந்ததா, கழிவறைக்கு என்ன செய்தார்கள், கையில் எவ்வளவு நின்றது என்று எழுதி வரட்டும்.

அதைக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். வண்டி யார் பேரில், யார் ஓட்டுவது, தவணை தவறினால் யார் பொறுப்பு, ரிப்பேருக்கு எந்தப் பணம் என்ற நான்கு கேள்விக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு அப்புறம் வண்டி பார்க்கப் போகலாம்.