தாராசிங் தலைக்கு மேல் 200 கிலோ! தெரியுமா?

“பெரிய தாராசிங்குன்னு நெனப்பு!” ராயபுரத்திலோ காசிமேட்டிலோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வம்புக்கு நிற்கிற எவனையும் இந்த ஒரு வரியால் உட்கார வைத்துவிடலாம். மல்யுத்தமே பார்த்திராத பாட்டிகள்கூடச் சொல்வார்கள். சரி, அந்தத் தாராசிங்கைத் தாராசிங்காக ஆக்கிய ஆள் யார் தெரியுமா? அவரிடம் தோற்றுத் தோற்றே பேர் வாங்கிய ஒரு மாமிச மலை. கிங்காங்!

படத்தில் கட்டடத்தின் மேல் ஏறுமே, அந்தக் குரங்கு இல்லை. அதன் பெயரைச் சூட்டிக்கொண்ட மனிதர். நிஜப்பெயர் எமில் சாயா. 1909இல் பிராஷோவ் என்ற ஊரில் பிறந்தவர். பிறந்தபோது அந்த ஊர் ஹங்கேரியில் இருந்தது, இப்போது ருமேனியாவில்! அவர் எடை 180 கிலோ என்பார் ஒருவர், 200 கிலோ என்பார் இன்னொருவர். 200 என்றே வைத்துக்கொள்வோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய யாரையாவது கேட்டுப் பாருங்கள், 50 கிலோ அரிசி மூட்டை நாலை ஒருசேரத் தலைக்கு மேல் தூக்க முடியுமா என்று. சிரிப்பார். அதுவும் மூட்டை சும்மா கிடக்கும். கிங்காங் திமிறுவார்!

அவரைத்தான் தாராசிங் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றி வீசினார் என்பது கதை. 1956இல் ராஞ்சியில் நடந்தது என்று சொல்வார்கள். தாராசிங்கின் எடை சுமார் 130 கிலோதான்.

நிஜமா, செட்டப்பா?

சண்டையே ஒரு நாடகம், யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துவிடுவார்கள் என்ற புகார் அன்றைக்கே உண்டு. வடக்கே இதற்கு ‘நூரா குஸ்தி’ என்று தனிப் பேரே இருக்கிறது. ஃப்ரீ ஸ்டைல் என்று போஸ்டர் ஒட்டி, ஒரு பக்கம் நல்லவன், மறுபக்கம் கெட்டவன். கெட்டவன் நடுவரைத் தள்ளுவான், கண்ணைக் குத்துவான், கயிற்றில் வைத்து நசுக்குவான். கூட்டம் கொதிக்கும். கடைசியில் நல்லவன் தூக்கி அடிப்பான். கூட்டம் அடுத்த சண்டைக்கும் டிக்கெட் வாங்கும். கிங்காங்கின் தொழில் அந்தக் கெட்டவன் வேடம்.

தொழில் ரகசியம் ஒன்று தெரியுமா? தூக்கப்படுகிறவர் ஒத்துழைக்காமல் தூக்கவே முடியாது! தூக்குகிறவர் இழுக்கும் அதே நொடியில் இவரும் எம்ப வேண்டும், உடம்பைக் கட்டைபோல விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும், விழும்போது முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் படும்படி கைகளை விரித்து அறைய வேண்டும். ‘தொம்’ என்று சத்தம் வரத்தான் மேடையையே பலகை வைத்துக் கட்டுகிறார்கள். ஆக, ஒத்துழைப்பு இருந்தது. அதனால் பொய்யா? அங்கேதான் நான் கட்சி மாறுகிறேன். முடிவைப் பேசி வைக்கலாம், எடையைப் பேசி வைக்க முடியுமா? எம்பின பிறகும் 200 கிலோ 200 கிலோதான். அதைத் தாங்கிய தோள் நிஜம், அங்கிருந்து விழுந்த முதுகும் நிஜம்.

இந்த நியாயத்தைச் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று பிரிந்து நின்று ரோசமாகக் குத்துச்சண்டை போட்ட வடசென்னை ஏற்காது என்பதும் தெரியும். உதடு கிழிந்தால் தையல் போட்டுக்கொண்டு அடுத்த சண்டைக்கு வந்த ஊர் இது. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் 2021இல் வந்தபோது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த விஷயம், இங்கே தாத்தா காலத்து வாய்ச்சண்டை.

இனி இன்னொரு ஆச்சரியம். தாராசிங் மல்யுத்தத் தொழிலைக் கற்றது பஞ்சாபில் இல்லை, சிங்கப்பூரில்! 1928இல் அமிர்தசரஸ் பக்கத்துத் தர்முச்சக் கிராமத்தில் பிறந்தவர், 1947இல் சிங்கப்பூர் போனார். டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஹர்னாம் சிங் என்ற குருவிடம் கோதாவில் இறங்கினார். கிங்காங்கும் பிற்பாடு சிங்கப்பூர்வாசிதான். அங்கே கேலாங்கில் ‘ஹேப்பி வேர்ல்ட்’ என்ற கேளிக்கைப் பூங்கா. ராட்டினம், நாடகம், நடனம் எல்லாவற்றோடும் குஸ்தி அரங்கமும் உண்டு. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அப்போது கூலி வேலை பார்த்தவர்களில் தமிழர்கள் ஏராளம். சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடிய ‘ரஜூலா’ கப்பலை வடசென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1926இல் ஓடத் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. கோடாலித் தைலமும் குடையும் வந்து இறங்கிய அதே படியில் கிங்காங் கதைகளும் இறங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

1955 நவம்பரில் கிங்காங் டோக்கியோவில் இருந்தார். டைகர் ஜோகிந்தர் சிங் என்ற இந்திய வீரரோடு ஜோடி சேர்ந்து ஆசிய இரட்டையர் பட்டத்தை முதல்முதலாக வென்றார். ஹங்கேரிக்காரரும் பஞ்சாபியும் சேர்ந்து ஜப்பானில் வாங்கிய ஆசியப் பட்டம்! யாரைத் தோற்கடித்து? ஜப்பான் மல்யுத்த வீரர் ரிக்கிடோசான், ஹரோல்ட் சகாட்டா இருவரையும். சகாட்டா யார் தெரியுமா? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெள்ளி வாங்கியவர். ஜேம்ஸ்பாண்ட் படமான ‘கோல்ட்ஃபிங்கர்’ பார்த்திருந்தால் அவரை மறக்கவே முடியாது. விளிம்பில் இரும்பு வைத்த தொப்பியை வீசிச் சிலையின் தலையைத் துண்டிப்பாரே, அவரேதான்! அதே மாதம் ஒற்றையர் பட்டத்துக்கான சண்டையில் ரிக்கிடோசான் கிங்காங்கை வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

இந்த ரிக்கிடோசான் விவகாரமான ஆள். 1954 டிசம்பரில் ஜூடோ மேதை கிமுராவோடு மோதினார். டிரா என்று பேசி வைத்திருந்ததாகவும், நடுவில் ரிக்கிடோசான் பேச்சை மீறி நிஜமாகவே அடித்து வீழ்த்திவிட்டதாகவும் கிமுரா பின்னால் குற்றம் சாட்டினார். பேசி வைத்த சண்டை நிஜச்சண்டை ஆனதுதான் அங்கே வழக்கு! 1963இல் ஓர் இரவு விடுதியில் கத்திக்குத்துப்பட்டு, ஒரு வாரத்தில் செத்துப்போனார் ரிக்கிடோசான்.

அவருடைய சீடர் அன்டோனியோ இனோக்கிதான் 1976 ஜூன் 26 அன்று முகமது அலியோடு மோதியவர். உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன் மல்யுத்த மேடையில்! என்ன ஆனது? இனோக்கி பெரும்பாலான நேரம் மல்லாந்து படுத்துக்கொண்டு அலியின் காலிலேயே உதைத்துக்கொண்டிருந்தார். 15 ரவுண்டு முடிந்து டிரா. கூட்டம் குப்பையை வீசியது. அலிக்குக் காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. பேசி வைத்திருந்தால் இவ்வளவு மோசமான சண்டையை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அது நிஜம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அதே அலி 1980இல் சென்னைக்கு வந்தார் தெரியுமா? நேரு ஸ்டேடியத்தில், முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. நம் ஊர் ராக்கி பிராஸும் அலியோடு மேடையேறினார். அதுவும் கண்காட்சிதான், நிஜச்சண்டை இல்லை. ஆனாலும் அதை நாடகம் என்று யாராவது சொன்னால் ராயபுரத்தில் இன்றைக்கும் அடி விழும். கிங்காங்குக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை?

பலசாலிகளை வைத்து வித்தை காட்டுவது புதிதும் அல்ல. நம் சினிமாத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ‘சாண்டோ’ ஒட்டிக்கொண்டதற்குக் காரணமான ஜெர்மானியர் யூஜின் சாண்டோ 1894இல் சான்பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு மல்யுத்தம் என்று விளம்பரம் செய்தார். ஜனம் திரண்டது. பார்த்தால், சிங்கத்தின் வாய்க்குப் பூட்டு, கால்களுக்கு உறை! அது பாட்டுக்குச் சோம்பிக் கிடந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் கத்தித் தீர்த்தார்கள்.

இப்போதைய கதைக்கு வந்தால், தி கிரேட் காளி. இமாச்சலத்துத் தலீப் சிங் ராணா, ஏழடிக்கு மேல் உயரம், பஞ்சாப் போலீஸில் இருந்தவர். 2007இல் தன் உலகச் சாம்பியன் பட்டத்தை வாங்கிய முதல் இந்தியர் என்று அமெரிக்கக் குஸ்தி கம்பெனி டபிள்யூடபிள்யூஈ கொண்டாடியது. நடக்கவே சிரமப்படுகிறார், இவருக்குப் பட்டமா என்று ரசிகர்கள் பொருமினார்கள். அது சில்லறைச் சர்ச்சை. 2001இல் கலிபோர்னியாவில் ஒரு பயிற்சிக்கூடத்தில், அவரோடு பயிற்சி செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் தூக்கிப் போடப்பட்டதில் தலையில் அடிபட்டு இறந்தார். பயிற்சிக்கூடத்தின் அலட்சியமே காரணம் என்று ஜூரி சொல்லி, குடும்பத்துக்கு 13 லட்சம் டாலர் கொடுக்க உத்தரவாயிற்று. இந்த இடத்தில் ‘தெரியுமா?’ என்று குதிக்க எனக்கு மனம் வரவில்லை. செட்டப் சண்டைதானே என்று சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்புகிற, விழுகிற வித்தை ஒரு நொடி பிசகினால் நாடகத்திலும் உயிர் போகும்.

இத்தனைக்கும் நிஜமா பொய்யா என்ற வழக்குக்குத் தீர்ப்பு எழுதியவர் முதலாளிதான். 1989இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் வேண்டாம் என்பதற்காக, இது விளையாட்டே இல்லை, கேளிக்கை என்று வின்ஸ் மெக்மேனின் டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனியே (பிற்பாடு டபிள்யூடபிள்யூஈ ஆனதும் அதுதான்) சொல்லிவிட்டது! 90களில் டபிள்யூடபிள்யூஎஃப் சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு அண்டர்டேக்கர் எடை, ஹல்க் ஹோகன் உயரம் என்று திண்ணையில் சண்டை போட்ட எங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

தாராசிங் 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகச் சாம்பியன் ஆனார், 1987இல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமனாக நம் வீட்டுக்குள்ளேயே வந்தார், 2003இல் ராஜ்யசபா போனார், 2012இல் காலமானார். கிங்காங்குக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை. 1970இல் கார் விபத்தில் படுகாயமடைந்து இறந்தார். தமிழ்நாட்டில் இப்போது கிங்காங் என்றால் ‘அதிசயப் பிறவி’யில் ரஜினியோடு வந்த குள்ளமான நகைச்சுவை நடிகரைத்தான் நினைப்பார்கள். 200 கிலோ மனிதரின் பெயர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்!

தாராசிங், கிங்காங் சண்டைகளைச் சென்னையில் பார்த்ததாகச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதைகள் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் உலவுகின்றன. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீட்டுப் பரண்களில் பழைய குஸ்தி நோட்டீஸோ டிக்கெட் துண்டோ கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு நடை கொண்டுபோய்க் காட்டுங்கள்.