வண்டிக்குள் கேட்காத பேச்சு

மறையூரில் வசிக்கும் என் தந்தையாரை இரு மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்காகக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. நான் பணிபுரிவது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு கிளையில். கேரளத்தின் ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லைக்குத் தமிழ்நாட்டைக் கடந்தே செல்வது எங்கள் பகுதியினருக்குப் பழகிப்போன வேடிக்கை: கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு சோதனைச் சாவடி, பிறகு மறையூர்.

காரில் ஏறியதும் தந்தையார் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பேச்சைப் பெருக்கித் தரும் கருவி சாலையின் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது. தலைக்குள் அரவை இயந்திரம் ஓடுவதுபோல் இருக்கிறது என்பார். எண்பத்தோரு வயதில் அவர் சொல்ல வேண்டியவை ஏராளம். அவற்றைக் கேட்க எனக்குக் கிடைக்கும் நீண்ட பொழுதோ இப்பயணம் ஒன்றே.

ஆகவே, வண்டிக்குள் ஒலித்தடுப்புச் செய்ய முடிவெடுத்தேன். கடன் விண்ணப்பங்களில் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்க்கும் நான், இதில் விசாரணையின்றிப் பணம் கொடுத்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கடையில் 6,500 ரூபாய்க்கு நான்கு கதவுகளிலும் பளபளக்கும் பட்டைகளை ஒட்டித் தந்தார்கள். ஏப்ரல் வந்தது. பாலக்காட்டு வெயிலில் வண்டிக்குள் தார் வாடை நிறைந்தது. ஒரு கதவின் உட்புறத்தில் பட்டை நழுவிக் கண்ணாடி இறங்கும் வழியை அடைத்தது. ஒட்டப்பட்டிருந்தது, கூரைக் கசிவை அடைக்கப் பயன்படும் தார்ப்பட்டை. இரைச்சலோ ஏறத்தாழ அப்படியே இருந்தது.

பிறகுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: ஒலி எங்கிருந்து வருகிறது? சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது கியரை ஒருபடி குறைத்துப் பார்க்கலாம். ஒலி உயர்ந்தால் இயந்திரத்துக்குப் பங்கு அதிகம். மாறாவிட்டால் அது சக்கரமும் சாலையும் உண்டாக்குவது. பொள்ளாச்சிச் சாலையில் எனக்கு மாற்றமே தெரியவில்லை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். என் டயர்கள் முதுமையடைந்து, மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றியதில் கிடைத்த அமைதி, கதவுக்குச் செலவிட்ட தொகையில் கிடைக்காதது. கதவின் ரப்பர் விளிம்பையும் சோதிக்கலாம்: ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால், தடையின்றி வரும் இடத்தில் காற்றொலி நுழையும். (ரூபாய்த் தாளை வைத்துச் சோதிக்க வேண்டாம்.)

இதன் பின்னரே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தையில் எல்லாவற்றையும் ‘சவுண்ட் புரூஃப்’ என்றே விற்கிறார்கள். வேலையோ மூன்று வகை. கதவுத் தகட்டை விரல் முட்டியால் தட்டினால் தகர டப்பாபோல் ஒலிக்கிறதே, அந்த அதிர்வை அடக்குவது அலுமினியத் தகடு பொதிந்த பியூட்டில் ரப்பர் பட்டை. தகடு அதிரும்போது இடையில் உள்ள ரப்பர் இழுபட்டு, அதிர்வைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. இதைத் தகடு முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே பெரும்பயன் கிடைக்கும். முழுதும் ஒட்டச் சொல்பவர் சதுர அடிக் கணக்கில் விற்பவராக இருப்பார். இரண்டாவது வகை, காற்றில் வரும் ஒலியை மறிக்கும் கனத்த வினைல் விரிப்பு. தரைக்கு ஏற்றது, ஆனால் எடை கூடும். மூன்றாவது, ஒலியை உறிஞ்சும் பஞ்சு அல்லது கம்பளி வகை. கார்த் தரைவிரிப்பின் அடியில் தொழிற்சாலையே வைப்பது பெரும்பாலும் துணிக்கழிவை அழுத்திச் செய்த இத்தகைய விரிப்புத்தான்.

எங்கள் நிலப்பகுதியில் ஈரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சின்னாறு மழைமறைவுப் பகுதி. சில மணி நேரப் பயணத்தில் மூணாறின் தென்மேற்குப் பருவமழைக்குள் நுழைந்துவிடுகிறோம். திறந்த துளைகள் கொண்ட பஞ்சு நீரைக் குடித்து, பூஞ்சைக்கும் துருவுக்கும் இடம் கொடுக்கும். கதவினுள் மூடிய துளைகள் கொண்ட நுரையே தகும். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை எக்காரணத்தாலும் அடைக்கக் கூடாது. பக்கத்திரைக் காற்றுப்பை உள்ள வண்டிகளில் கூரை விளிம்பைத் தொடவே வேண்டாம்.

வாங்குமுன் தடிமனை மட்டும் கேளாமல், ஒரு சதுர மீட்டரின் எடையைக் கேளுங்கள்; 2 மி.மீ. பியூட்டில் பட்டை சுமார் 3 கிலோ இருக்கும். மாதிரித் துண்டொன்றைத் தகட்டில் ஒட்டி, ஒரு வாரம் வெயிலில் செங்குத்தாக நிறுத்துங்கள். நழுவினாலோ நாறினாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். வாகன உட்பொருள்களின் தீப்பற்றும் தன்மைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 15061. பொருள் அதற்கு உட்பட்டதா என்று கேட்பதில் தவறில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவுக்குள் ஒட்டும் பட்டை வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதன்று. ஆயினும் மின்கம்பிகளில் கை வைத்தால் உத்தரவாதம் கேள்விக்குள்ளாகலாம். விற்பனை நிலையத்தின் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

தார்ப்பட்டைகளைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆயிற்று. புதிய டயர்களும் அளவான பியூட்டில் பட்டைகளும் பொருத்திய பின், 80 கி.மீ. வேகத்தில் என் கைபேசி காட்டிய அளவு 72 டெசிபெல்லிலிருந்து 67ஆகக் குறைந்தது. கைபேசியின் எண் துல்லியமானதன்று. ஆனால் அதே கருவி, அதே சாலை, அதே வேகம் என்பதால் ஒப்பிடப் போதுமானது. ஒலி பாதியாகிவிட்டதாகக் காது உணர ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும் என்பதால், பாதி அமைதிதான் வாங்கியிருக்கிறேன்.

சென்ற பயணத்தில் உடுமலைப்பேட்டையைத் தாண்டிய பின்னும் கருவி அவர் காதிலேயே இருந்தது. வழிநெடுகப் பேசினார். பெரும்பகுதி, நான் கியர் மாற்றும் முறையைப் பற்றியது.